புல்லை எடுத்துவிட்டு ஜல்லி பரப்பலாமா?

கேள்வி: டல்லாஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில் வீடு வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அந்தக் குடியிருப்புக்கு ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) உண்டு. முன்பக்கப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக் கட்டுப்படியாகாது. அதை எடுத்துவிட்டு ஜல்லி பரப்பலாம், பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்கலாம் என்று ஆசை. "டெக்சஸ் சட்டப்படி இதையெல்லாம் ஹெச்ஓஏ தடுக்க முடியாது" என்கிறார் நண்பர். சரியா?

பதில்: பாதி சரி. உங்களுக்கு வேண்டிய பாதிதான் தப்பு.

அவர் சொல்வது டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 202.007 பிரிவு. வறட்சி தாங்கும் செடிகள், சொட்டு நீர்ப் பாசனம், மழைநீர்ப் பீப்பாய் ஆகியவற்றை ஹெச்ஓஏ அடியோடு தடை செய்ய முடியாது என்கிறது அது. ஆனால் ஜல்லி, பாறை, கள்ளி மூன்றையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அதே பிரிவு ஹெச்ஓஏவிடமே விட்டுவைத்திருக்கிறது. பீப்பாயையும் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே வைக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லலாம்.

ஆகவே முழுக்க ஜல்லி என்ற யோசனையை விடுங்கள். கொஞ்சம் புல், மீதி வறட்சி தாங்கும் செடி, அடியில் மரப்பட்டை மூடாக்கு என்று ஒரு வரைபடம் போட்டு, செடிப் பெயர்களோடு அனுமதிக்கு அனுப்புங்கள். வரைபடம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. நியாயமில்லாமல் மறுக்க உரிமை இல்லை. நம்மூரில் புதர் என்று வெட்டி எறியும் உண்ணிச்செடிக்கு இங்கே நர்சரியில் காசு கொடுக்க வேண்டும், வெயிலுக்கு அசராது. எதுவானாலும் அனுமதி கைக்கு வந்தபின் மண்வெட்டியை எடுங்கள். கேட்காமல் முன்பக்கம் வாழை வைத்து, பத்தே நாளில் கடிதம் வாங்கியவன் சொல்கிறேன்.

இப்போது அவசரமான விஷயம். ஒப்பந்தத்தோடு ஹெச்ஓஏ பற்றிய இணைப்புப் படிவம் ஒன்று இருக்கும். அதில் எந்தக் கட்டத்தில் டிக் செய்திருக்கிறது என்று பாருங்கள். ஹெச்ஓஏ விதிமுறைகளும், விற்கும் வீட்டைப் பற்றி அது தரும் 'ரீசேல் சர்டிஃபிகேட்'டும் உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்றிருந்தால், அவை கைக்கு வந்த 3 நாளுக்குள் (குளோசிங்குக்கு, அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளுக்கு முன்) ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். அந்தச் சர்டிஃபிகேட்டில் பாக்கித் தொகை மட்டுமல்ல, ஹெச்ஓஏ வாரியத்துக்குத் தெரிந்த விதிமீறல்களும் இருக்கும். விற்பவர் அனுமதி இல்லாமல் நட்ட மரத்தைப் பிடுங்கும் செலவு உங்கள் தலையில் விழ வேண்டாம். அந்தக் கட்டத்தில் டிக் இல்லையென்றால் இன்றே உங்கள் ஏஜென்ட்டைக் கேளுங்கள்.

குடிபோனபின் கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். சரிசெய்யக்கூடிய மீறலுக்கு அபராதம் போடுமுன் பதிவுத் தபாலில் எழுதி, சரிசெய்ய அவகாசம் தர வேண்டும். அது அனுப்பப்பட்ட 30 நாளுக்குள் நீங்கள் நேர் விசாரணை கேட்கலாம். தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும்போது புல் காய்ந்ததற்கு அபராதம் கூடாது என்றும் 2025-ல் சட்டம் வந்திருக்கிறது.

அப்புறம் முருங்கை. வேலியைத் தாண்டித் தலை தெரியும் மரத்துக்கு என்ன விதி என்று உங்கள் ஹெச்ஓஏ தாளில் பாருங்கள். ஆனால் ஹெச்ஓஏவைவிடப் பெரிய எதிரி குளிர். வடக்கு டெக்சஸ் உறைபனியில் முருங்கை தரையோடு கருகிவிடும். தவிர அங்கே இருப்பது கரிசல் மண். கோடையில் வெடித்து, மழையில் உப்பும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி எந்த மரமும் வைக்காதீர்கள்.

கறிவேப்பிலையைத் தொட்டியில் வையுங்கள், குளிர்காலத்தில் வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம். வேறு மாநிலத்து நண்பர் வீட்டிலிருந்து கன்று கொண்டுவர வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் சிட்ரஸ் சைலிட் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் அரசே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. உள்ளூர் நர்சரியில் வாங்குங்கள்.