சினிமா கேள்வி-பதில்: நகரத்துத் தனிமையும் தாபமும்

கேள்வி: சாய் மிங்-லியாங் கோலாலம்பூரில் எடுத்த ‘ஐ டோன்ட் வான்ட் டு ஸ்லீப் அலோன்’ படத்தைப் பலரும் புகழ்கிறார்கள். கதாநாயகன் கடைசிவரை வாய் திறக்க மாட்டான் என்று சொன்னார்கள். முக்கால் மணி நேரத்திலேயே அணைத்துவிட்டேன். இதில் எதைத்தான் பார்ப்பது?
*– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்*

பதில்: மெத்தையைப் பாருங்கள். வங்காளதேசத் தொழிலாளர்கள் சிலர் வீதியில் கிடைத்த பழைய மெத்தையைச் சுமந்து வருகிறார்கள். வழியில் அடிபட்டுக் கிடக்கும் ஒருவனையும் சேர்த்துத் தூக்கிக்கொள்கிறார்கள். அதன்பிறகு அந்த மெத்தையில் யார் பக்கத்தில் யார் படுக்கிறார், யாருக்கு இடமில்லாமல் போகிறது என்பதுதான் கதை. வசனத்துக்காகக் காத்திருந்தால் படம் நகராததுபோல் தோன்றும். மெத்தையைத் தொடர்ந்தால் ஒவ்வொரு காட்சியிலும் ஏதாவது மாறியிருக்கும்.

அடுத்ததாகக் கைகளைக் கவனியுங்கள். ராவாங் என்ற தொழிலாளி, அடிபட்டவனை உடம்பு துடைத்துவிட்டு, சிறுநீர் கழிக்கத் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றுகிறான். இன்னொரு பக்கம், காப்பிக்கடையில் வேலை செய்யும் பெண், முதலாளியம்மாவின் அசைவற்றுக் கிடக்கும் மகனுக்குப் பணிவிடை செய்கிறாள். அடிபட்டவன், அசையாதவன் இருவராகவும் நடிப்பவர் லீ காங்-ஷெங். ஒருத்திக்குக் கூலி வேலையாக இருக்கும் அதே தொடுகை, ராவாங்கின் கையில் ஆசையாக மாறிவிடுகிறது. எந்தக் கணத்தில் மாறியது என்று நாம் சொல்ல முடியாது. இந்த இயக்குநரின் பலமே அதுதான். நகரத்தில் தனித்திருப்பவனுக்கு வேண்டியது காமமா, பராமரிப்பா என்று அவர் பிரித்துக் காட்டுவதில்லை. பிரிக்க முடியாது என்பதைக் காட்டுகிறார்.

சாய் 1957இல் கூச்சிங்கில் பிறந்தவர். இருபது வயதில் தைவான் போய் அங்கே இயக்குநரானார். இந்தப் படம் (2006) வியன்னாவில் மோசார்ட்டின் 250ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி நடந்த கலைவிழாவுக்காக உருவானது. தொடக்கத்தில் மோசார்ட் பாட்டு கேட்பது அதனால்தான். படத்தில் வரும், பாதியில் நின்றுபோன கான்கிரீட் கட்டடமும் அதன் அடியில் தேங்கிய கருப்பு நீரும் 1997 நிதி நெருக்கடி இந்த ஊரில் விட்டுச்சென்ற காட்சிகள். பிற்பாதியில் புகைமூட்டம் சூழ்கிறது. 2005 ஆகஸ்ட்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனதே, அதை அனுபவித்தவர்களுக்கு, முகக்கவசம் போட்ட இரண்டு பேர் முத்தமிட முயன்று இருமும் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிறுத்திய இடத்திலிருந்து தொடராதீர்கள். முதலிலிருந்து, ஒரே அமர்வில், இரவில் பாருங்கள். ஒரு ஷாட் நீளும்போது முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு பின்னால் இருக்கும் கதவையும் படிக்கட்டையும், பிறகு கண்ணை விட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். பக்கத்து வீட்டு வானொலியும் தெருவும் அந்த மௌன மனிதனுக்காகப் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். மலேசியாவில் முதலில் தடை செய்யப்பட்டுப் பிறகு சில வெட்டுகளோடு அனுமதி பெற்ற படம் இது. எனவே கிடைக்கும் பிரதி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘இன் தி மூட் ஃபார் லவ்’ படத்தில் முத்தம்கூடக் கிடையாது. ஆனாலும் பார்த்து முடித்ததும் மனம் கொதிக்கிறது. எப்படிச் செய்தார்கள்?
*– வாசகி, செந்தூல்*

பதில்: இடத்தைச் சுருக்கினார்கள். 1962 ஹாங்காங், ஒரே நாளில் அடுத்தடுத்த அறைகளுக்குக் குடிவரும் இரண்டு குடும்பங்கள், ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போக முடிகிற நடை. கேமரா கதவிடுக்கு, கண்ணாடி, திரைச்சீலை இவற்றின் வழியாகவே பார்க்கிறது. அந்த வீட்டில் யாரோ எப்போதும் கவனிக்கிறார்கள் என்ற பயம் நமக்கும் தொற்றுகிறது. அறை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது பூனைநடை போட்டு உள்ளே போனவர்களுக்கு அந்த நெருக்கடி தெரியும்.

நாயகியின் கணவனும் நாயகனின் மனைவியும் இரகசிய உறவில் இருக்கிறார்கள். துரோகம் செய்யும் அந்த இருவரின் முகமும் நமக்குத் தெளிவாகக் காட்டப்படுவதே இல்லை. முதுகும் குரலும்தான். மீதமுள்ள இருவரும் ‘அவர்கள் எப்படித் தொடங்கியிருப்பார்கள்’ என்று நடித்துப் பார்க்கிறார்கள். நடிப்பு எங்கே முடிந்தது, நிஜம் எங்கே தொடங்கியது என்பது குழம்பும் இடத்தில்தான் நீங்கள் சொன்ன கொதிப்பு பிறக்கிறது. அவள் நூடுல்ஸ் வாங்க இறங்கிப் போகும்போதெல்லாம் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வால்ட்ஸ், ஷிகெரு உமெபயாஷி 1991இல் வேறொரு ஜப்பானியப் படத்துக்கு அமைத்தது. ஒவ்வொரு முறையும் அதே மெட்டு, அதே படிக்கட்டு, வேறு உடை. நாள்கள் ஓடுகின்றன, எதுவும் நடக்கவில்லை என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். இயக்குநர் வோங் கார்-வாய் படுக்கையறைக் காட்சி ஒன்றை எடுத்து, தொகுப்பில் நீக்கிவிட்டார். சரியான முடிவு. அது இருந்திருந்தால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தின் அழுத்தம் கலைந்திருக்கும்.

இதைத் தாண்டி ஒன்று பார்க்க விரும்பினால் பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ (2024, கான் திரைப்பட விழாவின் கிராண்ட் பிரி விருது). மும்பையில் மலையாளத் தாதி ஒருவருக்கு, ஜெர்மனியில் இருக்கும் கணவனிடமிருந்து வந்ததாக எண்ணத் தோன்றும் ரைஸ் குக்கர் ஒன்று கிடைக்கிறது. இரவில் சமையலறைத் தரையில் அமர்ந்து அதைக் கட்டிக்கொள்கிறார். ஆசையை இதைவிட நேராகக் காட்டிய காட்சி அண்மையில் வரவில்லை.

கேள்வி: இந்த வகையில் தமிழில் எதுவுமே இல்லையா?
*– வாசகர், பட்டர்வர்த்*

பதில்: ‘அவள் அப்படித்தான்’, 1978. ருத்ரையாவின் முதல் படம், கறுப்பு-வெள்ளை. வசனத்தில் எழுத்தாளர் வண்ணநிலவனின் பங்கும் உண்டு. விளம்பர நிறுவனத்தில் வேலை செய்யும் மஞ்சு என்ற சென்னைப் பெண்ணாக ஸ்ரீப்ரியா. அவளைப் புரிந்துகொள்ள விரும்பும் நல்லவனாகக் கமல், அவளை எளிதில் எடைபோடும் முதலாளியாக ரஜினி. நல்லவனாலும் அவளுக்குத் துணையாக இருக்க முடியவில்லை என்பதில்தான் படம் கனக்கிறது. பாட்டுக்காக மட்டும் இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் இம்முறை மஞ்சு பேசாமல் இருக்கும் இடங்களைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அடுக்குமாடியில் தனியாக வாழும் பெண்ணைப் பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். மூன்று பேர், ஒரு கேமரா, ஒரு முக்காலி. சோதனையில் குழல்விளக்கு ஒளி கோடு கோடாக ஓடுகிறது. ‘சங்கிங் எக்ஸ்பிரஸ்’ படத்தில் கூட்டம் இழுபட்டுப் பறப்பதுபோல் ஒரு காட்சியும் வேண்டும்.
*– கல்லூரி மாணவர், செராஸ்*

பதில்: கோட்டுக்குக் காரணம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் (தனிப்படமும்) ஒளி வாங்கும் நேரம்; 1/50 என்றால் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. 1/60 ஷட்டர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது. வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். வெளிச்சம் கூடுதலானால் 1/100. கைப்பேசியானால் ஷட்டரைப் பூட்டி வைக்கும் செயலி அவசியம். தானியங்கியில் விட்டால், அவள் ஜன்னலைத் திறந்ததும் ஷட்டர் மாறும், கோடு திரும்ப வரும். வண்ண வெப்பநிலையையும் (கேமராவின் ‘ஒயிட் பேலன்ஸ்’) 4000 கெல்வின் அளவில் பூட்டிவிடுங்கள். குழல்விளக்கின் லேசான பச்சையை முழுதாக நீக்க வேண்டாம். அந்த வீட்டின் இரவுநிறம் அதுதான்.

கூட்டம் இழுபடும் காட்சிக்கு வருவோம். அந்தக் காலத்தில் வினாடிக்கு 12 ஃபிரேம் போலக் குறைவாக எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை அச்சடிப்பார்கள். காட்சியின் நீளம் மாறாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவின் தடம் இரட்டிப்பாகப் பதியும். உங்கள் கேமராவில் 25 ஃபிரேம் வைத்து ஷட்டரை 1/25 ஆக்குங்கள். தொகுப்பில் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை நீக்கி, மீதியை இரண்டு ஃபிரேம் நேரம் நிறுத்துங்கள். அதே விளைவு கிடைக்கும்.

ஒருவர் மட்டும் அமைதியாக நிற்க, சுற்றி உலகம் பறக்க வேண்டுமானால் வழி வேறு. எடுத்ததை நான்கு மடங்கு வேகமாக்கப் போகிறீர்கள் என்றால் நடிகை நான்கு மடங்கு மெதுவாக அசைய வேண்டும். நான்கு வினாடியில் தூக்கும் தேநீர்க் கோப்பையை 16 வினாடியில் தூக்க வேண்டும். கண் சிமிட்டலில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்: இயல்பாகச் சிமிட்டினால் வேகமாக்கியதும் துடிப்பதுபோல் தெரியும். ஷட்டரை இங்கேயும் 1/25ஐவிட வேகமாக்காதீர்கள். இல்லையென்றால் கூட்டம் வழுக்காது, வெட்டி வெட்டி ஓடும். எல்ஆர்டி ரயில் நிலையத்தில் எடுக்க நினைத்தால் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். முக்காலியை விரித்ததுமே பாதுகாவலர் வந்துவிடுவார்.

ஒலிக்கு: மின்விசிறி, குளிரூட்டி, குளிர்சாதனப்பெட்டி மூன்றையும் நிறுத்தி வசனம் பதியுங்கள். பெட்டியைத் திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். பிறகு அவை ஓடும் ஓசையைத் தனியாக 60 வினாடி பதிவு செய்யுங்கள். தொகுப்பில் அவள் தனியாகும் கணத்தில் விசிறிச் சத்தத்தை ஒரு படி கூட்டினால் போதும், பியானோ தேவைப்படாது.

இப்போது முக்கியமானது. ஜன்னல் ஓரம் நின்று இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கும் பெண்ணை எடுக்காதீர்கள். அது ‘நான் தனியாக இருக்கிறேன்’ என்று அவளே அறிவிப்பதாகிவிடும். அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். சாந்தால் ஆகெர்மனின் ‘ழான் தீல்மன்’ (1975) 201 நிமிடம் ஓடுகிறது, பெரும்பாலும் வீட்டு வேலைகள். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடும். அந்தக் கிழங்கைப் பார்த்ததும் நமக்கு வயிறு கலங்குகிறது. உங்கள் பத்து நிமிடத்திலும் அப்படி ஒரு வேலையை மூன்று முறை காட்டி, மூன்றாவதில் ஒரே ஒரு சிறு பிசகு வையுங்கள். முக்காலியை உட்கார்ந்தவரின் மார்பளவு உயரத்தில், 90 முதல் 100 சென்டிமீட்டரில் நிறுத்துங்கள். அவள் ஃபிரேமை விட்டுப் போன பிறகும் பத்து வினாடி வெட்டாதீர்கள். மொத்தம் 15 ஷாட்டுகளுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: புது 55 அங்குலத் தொலைக்காட்சியில் இந்தப் படங்கள் எல்லாம் நாடகத் தொடர்போல் வழவழவென்று தெரிகின்றன. இருட்டுக் காட்சிகள் சாம்பலாக இருக்கின்றன.
*– வாசகி, ஜார்ஜ்டவுன்*

பதில்: வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்துக்கு நடுவே தொலைக்காட்சி தானாகச் செயற்கை ஃபிரேம்களைச் செருகுகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி என்ற பெயரில் இருக்கும். நிறுத்திவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதுவே போதும். அறை வெளிச்சத்துக்கேற்பப் படத்தை மாற்றும் சென்சாரையும் டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் அணையுங்கள், சாம்பல் குறையும். ‘இன் தி மூட் ஃபார் லவ்’ 1.66 அகல-உயர விகிதத்தில் எடுக்கப்பட்டது. இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புப் பட்டை வருவது இயல்பு. பெரிதாக்கி நிரப்பினால் வோங் கார்-வாய் கதவுச்சட்டத்துக்குள் அளந்து வைத்த தலைகள் வெட்டுப்படும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் மாதம் ஒரு படம் திரையிடலாமா?
*– குடியிருப்பாளர் சங்கம், கெப்போங்*

பதில்: செய்யுங்கள். ஆனால் வீட்டில் பார்க்க வாங்கிய வட்டோ சந்தாவோ பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. படத்தின் உரிமையாளரிடம் திரையிடல் உரிமையும், தணிக்கை வாரியமான எல்பிஎஃப்பின் அனுமதியும் தேவை. ஏற்கெனவே இங்கே வெளியாகி அனுமதி பெற்ற படமாகத் தேர்ந்தால் பாதி வேலை குறையும். முதல் மாதத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படமாக எடுங்கள். மண்டபத்தின் குழல்விளக்குகளை முழுதாக அணைக்க முடிகிறதா என்று முந்தின இரவே போய்ப் பார்த்துவிடுங்கள்.