எபாக்சி எப்போது இறுகும்? வீட்டிலேயே ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) செய்பவர்களின் கேள்விகள்

எபாக்சி டப்பாவில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. என் ஷெட்டில் 12 டிகிரிதான். நேற்று ராத்திரி பிரஸ்ஸில் வைத்த ஸ்கீயை இன்று ராத்திரி எடுத்துவிடலாமா?

வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்கான கணக்கு. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உங்கள் ஷெட்டில் இரண்டு நாள் என்பதே குறைந்தபட்சம். சில ஹார்டனர்கள் (ரெசின் என்ற பிசினோடு கலந்து எபாக்சியை இறுக வைக்கும் திரவம்) அந்தக் குளிரில் பாதியிலேயே படுத்துவிடும், எத்தனை நாள் விட்டாலும் நகராது.

குளிரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரெசின் ஆறிய பாகு மாதிரி கெட்டியாகி, ஃபைபர்கிளாஸ் துணிக்குள் இறங்காது. நன்றாக ஊறிய துணி கண்ணாடி போலத் தெளிந்துவிடும். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அங்கே ரெசின் போகவில்லை என்று அர்த்தம். ரெசினையும் நடுவில் வைக்கும் மரத்தையும் முந்தின நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். குளிர்ந்த மரத்தில் ரெசினைத் தடவிவிட்டு அப்புறம் சூடாக்கினால், மரத்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும். சூடான மரம் ஆறும்போது தடவினால் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இறுகிவிட்டதா என்று பார்க்கக் கோப்பையில் மீந்த ரெசினை நம்பாதீர்கள். மொத்தமாகக் கிடப்பதால் அது தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும். அச்சின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ரெசினில் ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் சரி. வளைந்தாலோ நகம் பதிந்தாலோ இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும். அவசரப்பட்டு எடுத்தால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல நழுவி, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கேம்பர் வளைவு (ஸ்கீயின் நடுப்பகுதி வில் போல மேலே எழுவது) தளர்ந்துபோகும். பிரஸ்ஸை விட்டு வந்த பிறகும் முழு பலத்துக்குச் சாதாரண அறைச் சூட்டில் ஒரு வாரம் போல ஆகும். பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங்குக்குத் துளை போடுவதையும், பனியில் உரசும் அடிப்பக்கமான பேஸைத் தேய்ப்பதையும் அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்டனரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகுமா?

இறுகாது, கெட்டுப்போகும். பாலியெஸ்டர் ரெசினில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் விடுவதில்லை. அதில் சேர்ப்பது வினையைத் தொடங்கிவைக்கும் பொருள், ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில் ஹார்டனர் ரெசினோடு ஜோடி சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக்கின் பாகமாகவே மாறுகிறது. ஜோடி கிடைக்காமல் மிஞ்சியது உள்ளேயே தங்கி எல்லாவற்றையும் மென்மையாக்கும். எடைக்கு ஒரு விகிதம், கன அளவுக்கு வேறு விகிதம் என்பதையும் மறக்க வேண்டாம். ஹார்டனர் பொதுவாக ரெசினைவிட லேசானது. டிஜிட்டல் தராசு வாங்கி, எடை விகிதத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். வேகம்தான் வேண்டுமென்றால் சூட்டைக் கூட்டலாம். வேகமான ஹார்டனருக்கு மாறுவதை ஸ்கீக்கு நான் சொல்ல மாட்டேன். அடுக்கி முடிப்பதற்குள் அது இறுக ஆரம்பித்துவிடும்.

கலக்கி வைத்த கோப்பை புகைந்தது. பொருள் பழசா?

பொருளில் குறையில்லை. ஆழமான கோப்பையில் சூடு வெளியேற வழியில்லை, அவ்வளவுதான். கலக்கியதும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். புகையும் கோப்பையை வெட்டவெளியில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

ஹீட்டிங் பிளாங்கெட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) போட்டு 80 டிகிரியில் இறுக வைத்தேன். எடுத்துப் பார்த்தால் பேஸ் குழிந்திருக்கிறது, ஓரங்கள் தூக்கலாக நிற்கின்றன. ஏன்?

இதில் எபாக்சிமீது பழி போட முடியாது. பேஸாக வரும் பாலிஎத்திலீன், ஓரத்தில் பதிக்கும் ஸ்டீல் எட்ஜைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரியும் பொருள். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டு 80 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஆறும்போது, தடுக்க ஆளில்லாவிட்டால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். நீங்கள் அதை விரிந்த நிலையில் ஒட்டிவிட்டீர்கள். ஆறும்போது அது சுருங்கப் பார்க்கிறது, மேலே இருக்கும் மரமும் கண்ணாடி இழையும் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஆக, பலகை குறுக்குவாட்டில் பேஸ் பக்கமாக வளைகிறது. கேம்பர் மாறுவதற்கும் இதே கதைதான். பிளாங்கெட்டை மேலே மட்டும் போட்டால் மேல்பக்கம் அதிகமாக விரிந்து ஒட்டி, ஆறும்போது அதிகமாகச் சுருங்கி, நுனிகளை மேல்நோக்கி இழுக்கும்.

ரெசின் எந்தச் சூட்டில் ஜெல்லாகிறதோ (ஓடாமல் உறையத் தொடங்குகிறதோ) அந்த நிலையில்தான் அடுக்குகளின் அளவு பூட்டிக்கொள்கிறது. எனவே முதலில் அறைச் சூட்டிலோ 40 டிகிரிக்குள்ளோ ஜெல்லாக விடுங்கள். அப்புறம் நிதானமாக 55, 60 வரை ஏற்றிச் சில மணி நேரம் வையுங்கள். முடிந்தால் மேலும் கீழும் பிளாங்கெட் போடுங்கள். சூட்டை நிறுத்தியதும் பிரஸ்ஸைத் திறந்துவிடாதீர்கள், கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியாத அளவுக்கு அழுத்தத்திலேயே ஆறட்டும்.

கன்ட்ரோலரில் தெரியும் எண் பிளாங்கெட்டின் சூடு, ரெசினின் சூடு அல்ல. மரம் சூட்டை எளிதில் கடத்தாது, ஸ்டீல் எட்ஜ் ஓரத்துச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெட்டிப் போடப்போகும் ஓரப்பகுதியில், பேஸுக்கும் துணிக்கும் நடுவே சூட்டை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பி ஒன்றைச் செருகிவைத்து அதைப் படியுங்கள்.

பனியில் ஓடும் பொருளுக்கு ஏன் சூட்டில் போஸ்ட்-க்யூர் (ஜெல்லான பிறகு சூடேற்றி வைப்பது)?

பனியில் இருக்கும்போது தேவையில்லைதான். அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்சி பல சமயம் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஸ்கீயின் மேல்தாளான கருப்பு டாப்ஷீட் சுலபமாக அந்தச் சூட்டைத் தொடும். பேஸில் மெழுகை உருக்கித் தடவும் வாக்ஸ் அயர்னின் சூடு நூறு டிகிரிக்கு மேல். அதற்கும் ஒட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பேஸ் மட்டுமே. அயர்னை ஓரிடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி வழவழப்பு. அதன்மேலேயே அடுத்த அடுக்கை ஒட்டலாமா?

ஒட்டினால் பிய்ந்து வரும். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. வெறும் தண்ணீரில் கரையும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பிறகு உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அதையே பரப்பிவிடுவீர்கள்.

விரல் இடுக்குகளில் அரிப்பு. பழகினால் போய்விடுமா?

பழகப் பழக அதிகமாகத்தான் ஆகும். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போவது அரிது. நைட்ரில் கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். தோலில் பட்டதை அசிட்டோனால் துடைக்காதீர்கள், சோப்பும் தண்ணீரும் போதும். அரைகுறையாக இறுகியதைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியும் ஆபத்து, முகமூடி இல்லாமல் தொட வேண்டாம். அரிப்பு இப்போதே இருப்பதால், அடுத்த ஜோடிக்கு முன் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ரெசின் டப்பாவின் அடியில் வெள்ளைக் குருணை படிந்திருக்கிறது. தூக்கி எறியவா?

எறியாதீர்கள். குளிரில் படிகமாகியிருக்கிறது. டப்பாவை 50 டிகிரி வெந்நீரில் நிறுத்தி, தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு, குருணை முழுக்கக் கரையும்வரை விடுங்கள். ஒரு குருணை மிச்சமிருந்தாலும் அதைச் சுற்றி மறுபடி படியும். அறைச் சூட்டுக்கு ஆறிய பிறகு கலக்குங்கள்.