முத்திரையின் பின்பக்கம்

வணக்கம் சார்,

போன மாதம் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் சிந்துவெளி நாகரிகத்தின் பசுபதி முத்திரையைப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் பெரிதாகப் பார்த்த படம், நேரில் ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான். கூட வந்த நண்பர் ஒருவர் அது சிவன் என்கிறார், இன்னொருவர் தமிழர் முத்திரை என்கிறார். இவ்வளவு சின்னக் கல்லுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

வி.

அன்புள்ள வி.,

அது முத்திரை, விரல்களுக்கு நடுவே பிடித்து ஈரக் களிமண்ணில் அழுத்துவதற்காகச் செய்தது, அதனால் சின்னதாகத்தான் இருக்கும். சுமார் மூன்றரை சென்டிமீட்டர் சதுரம் என்பதே சிந்துவெளியில் பெரிய ரகம். அந்த இடத்துக்குள் கொம்பு வைத்த ஒரு உருவம், யானை, புலி, காண்டாமிருகம், எருமை, ஆசனத்துக்குக் கீழே மான், மேலே எழுத்து எல்லாவற்றையும் செதுக்கியிருக்கிறார்கள். அதுவும் இடவலம் மாற்றி, ஏனென்றால் களிமண்ணில் பதியும்போதுதான் எழுத்து சரியாக வரவேண்டும். கல் மாக்கல் வகை. பாட்டி வீட்டுக் கல்சட்டி ஞாபகம் இருக்கிறதா, அதே இனம்தான். செதுக்கிய பிறகு மேலே காரப்பொருள் (alkali) பூச்சு கொடுத்துச் சுடுவார்கள், வெளுத்துக் கெட்டியாகிவிடும்.

சரி, சிவனா? 1928-29 வாக்கில் மொகஞ்சதாரோவில் கிடைத்த இதை, 1931-ல் வெளியிட்ட நூலில் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் ஆதி சிவன் என்றார். மூன்று முகம், யோக இருக்கை, சுற்றிலும் விலங்குகள் என்பது அவர் காரணம். பக்கவாட்டில் தெரிபவை முகங்களே இல்லை, அது எருமைத் தன்மை கொண்ட ஒரு தெய்வம் என்று ஆய்வாளர் டோரிஸ் சீனிவாசன் பிற்பாடு மறுத்தார். பசுபதி என்று பெயர் வைத்தது நம் காலத்தவர்கள்தான். பசு என்ற வடசொல் பெரும்பாலும் வீட்டு விலங்கைக் குறிக்கும், இதில் சுற்றி நிற்பதோ புலியும் காண்டாமிருகமும். பதி, பசு, பாசம் என்று சைவ சித்தாந்தத்தில் கேட்டுப் பழகிய நமக்கு அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொள்கிறது, ஆனால் நான் சிவன் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

தமிழர் முத்திரை என்பதிலும் அதே நிதானம் வேண்டும். சிந்துவெளி எழுத்தின் மொழி திராவிடமாக இருக்கலாம் என்பதற்கு அந்த எழுத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்ப்போலாவும் வைத்த வாதங்கள் கனமானவை. நீரில் நீந்துவதையும் வானில் மின்னுவதையும் நாம் மீன் என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம் இல்லையா, அதை வைத்து அந்த எழுத்தில் வரும் மீன் வடிவக் குறிகளைப் படிக்கப் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்த வாதம். ஆனால் ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தான் இருக்கின்றன, அதை வைத்து எல்லோரும் ஒப்பும்படி இதுவரை யாரும் படித்துவிடவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அதைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்ததும் அதனால்தான்.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது பின்பக்கத்தை. பெரும்பாலான சதுர முத்திரைகளின் முதுகில் துளையிட்ட ஒரு குமிழ் இருக்கும், கயிறு கோத்து உடம்போடு வைத்துக்கொள்ள வசதியாக. தொலைந்தால் ஆபத்து என்று நினைத்த ஒருவருடைய பொருள் அது. நம் களத்துமேட்டில் நெற்குவியல்மேல் சாணிப்பாலால் குறி வைக்கும் வழக்கம் இருந்தது, குறி கலைந்திருந்தால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். மூட்டைக் கட்டின்மேல் களிமண் அப்பி முத்திரை குத்துவதும் அதே வேலைதான், ஆனால் முகம் தெரியாத ஊர்க்காரனுக்கும் அது செல்லுபடியாக வேண்டும். சிந்துவெளி முத்திரைகள் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) ‘ஊர்’ (Ur) என்ற பெயர் கொண்ட நகரம் வரை கிடைத்திருக்கின்றன.

அடுத்து குஜராத் பக்கம் போனால் லோத்தல் என்ற பழைய சிந்துவெளி ஊருக்குப் போங்கள். அங்கே சரக்குக் கிடங்கு தீப்பிடித்ததில், முத்திரை குத்திய களிமண் கட்டிகள் 60-க்கும் மேல் சுட்டு இறுகித் தப்பின. முன்பக்கம் முத்திரை, சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட முத்திரைகள். திருப்பினால் சாக்குத் துணியின் நெசவும் கட்டிய கயிற்றின் முறுக்கும் அப்படியே பதிந்திருக்கும்.