ஜே.ஜே. கேல்: சோம்பலா, நிதானமா?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் ஜே.ஜே. கேலைப் பெரிய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசைவகை) கிதார் மேதை என்று நண்பர்கள் கொண்டாடுகிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். குரல் வெறும் முணுமுணுப்பு. கிதார் சூடு பிடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடுகிறது. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி. உழைக்கச் சோம்பல்பட்ட ஒருவரை எப்படி மேதை என்கிறார்கள்?

பதில்: உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதில் எனக்கு வழக்கு இல்லை. ‘சோம்பல்’ என்பதில்தான் வழக்கு. அது ரசனை சார்ந்த கருத்தல்ல, தகவல் பிழை.

‘ஆஃப்டர் மிட்நைட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேல் அதை 1966-இல் லிபர்ட்டி நிறுவனத்துக்காகத் தனி இசைத்தட்டாகப் பதிவு செய்தபோது அது துள்ளலான, வேகமான பாட்டு. யாரும் கவனிக்கவில்லை. 1970-இல் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் அதே வேகத்தில் பாடி அதைப் பிரபலமாக்கினார். அடுத்து கேல் தன் முதல் ஆல்பமான ‘நேச்சுரலி’யில் அதைத் திரும்பப் பதிவு செய்கிறார். வேகமான வடிவம் ஏற்கெனவே வானொலியில் ஜெயித்திருக்கிறது, அதைப் பின்பற்றினால் போதும். அவரோ வேகத்தை நன்றாகக் குறைத்து, பாட்டையே வேறு ஆளாக்கினார். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர், வாசித்தும் காட்டியவர், தெரிந்தே எடுத்த முடிவு அது.

அடுத்து, எதில் கேட்டீர்கள்? செல்போன் ஸ்பீக்கரில் என்றால் நீங்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கீழ்ச்சுருதி தரும் பேஸ் கிதாரின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. கேலின் பாட்டில் ஆட்டம் முழுவதும் பேஸிலும் டிரம்ஸிலும்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீங்கள் சொல்லும் முணுமுணுப்புதான். ஓரளவு நல்ல ஹெட்போனில், பேஸ் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வைத்து, முதல் முறை குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள்.

அப்போது இன்னொன்றும் பிடிபடும். காலப்பிரமாணம் குறைவது வேறு, தாளம் விழும் இடத்துக்கு ஒரு இழை பின்னால் ஸ்வரம் விழுவது வேறு. கேல் முதலாவதோடு நிற்பதில்லை, இரண்டாவதையும் செய்கிறார். நிமிடத்துக்கு 80 அடி என்று மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்தால் ஓர் அடிக்கு முக்கால் நொடி. ஸ்வரம் அதற்குப் பின்னால் ஒரு நொடியின் நூறில் இரண்டு, மூன்று பங்கு தள்ளி விழுந்தாலே ‘சாய்ந்து உட்கார்ந்த’ உணர்வு வந்துவிடும். இதில் நிபந்தனை ஒன்று: யாராவது ஒருவர் தாளத்தில் இம்மியும் பிசகாமல் நிற்க வேண்டும். டிரம்ஸும் சேர்ந்து பின்வாங்கினால் பாட்டு வெறுமனே இழுக்கும். கேலைப் பார்த்து வாசிக்கும் பல குழுக்கள் சறுக்குவது இங்கேதான். ‘கால் மீ த பிரீஸ்’, ‘கிரேசி மாமா’ இரண்டிலும் கேல் ஆளுக்குப் பதில் டிரம் மெஷின் (தானாகத் தாளம் தரும் மின்கருவி) வைத்திருக்கிறார். 1971-இல் அது அபூர்வம். அசையாத அந்த டிக்டிக் மேல்தான் கிதாரும் குரலும் சாவகாசமாகச் சாய்கின்றன.

குரலைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை பார்த்தவர். குரலைத் தூக்கி வைக்க எந்தக் குமிழைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? ஒரே வரியை இரண்டு முறை பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மற்ற கருவிகளின் மட்டத்துக்கே குரலை இறக்கிவிடுவார். இரண்டு பதிவும் மயிரிழை வேறுபடுவதால் சொற்களின் விளிம்பு மங்குகிறது. உங்களுக்குக் குறையாகப் படுவது அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது.

இப்போது உங்கள் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘கிரேசி மாமா’வில் வரும் வா-வா ஸ்லைடு கிதாரை (தந்தியில் குழாயை வழுக்கி, ‘வா வா’ என ஒலிக்க வைக்கும் வாசிப்பு) கேல் வாசித்ததாக நினைத்து உருகுகிறவர்கள் உண்டு. வாசித்தவர் மேக் கேடன். அமெரிக்காவின் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 22-ஆம் இடம் வரை போன ஒரே கேல் பாட்டு அது. முதல் 40-க்குள் வேறெதுவும் நுழையவில்லை. நல்ல வாசிப்பாளருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றதுதான் அங்கே கேலின் திறமை. அதேபோல, ‘கிளாப்டன் திருடிவிட்டார்’ என்ற புலம்பலும் வேண்டாம். கிளாப்டன் பாடிய ‘ஆஃப்டர் மிட்நைட்’, ‘கொக்கெய்ன்’ இரண்டுக்கும் பாடலாசிரியராகக் கேலின் பெயர்தான் இருக்கிறது, ராயல்டியும் அவருக்குத்தான் போனது. 2006-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ‘த ரோடு டு எஸ்கான்டிடோ’ கிராமி விருதும் வாங்கியது.

‘கால் மீ த பிரீஸ்’ பாட்டை லின்னர்ட் ஸ்கின்னர்ட் என்ற அமெரிக்க ராக் குழு 1974-இல் பாடியதையும் கேளுங்கள். பியானோ, ஊதுகருவிகள், கிதார்கள் என்று பந்தலே போட்டிருக்கிறார்கள். அருமையான பாட்டுதான். உடனே கேலின் மூலத்துக்கு வந்தால், இவ்வளவும் ஏறி நின்ற சட்டகம் எத்தனை சிறியது, எத்தனை உறுதியானது என்று தெரியும். உங்களுக்கு ஸ்கின்னர்ட் வடிவம்தான் பிடித்தது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி’ என்ற புகாரில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நடுத்தர வேகம், இரண்டு மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), அதே அடங்கிய குரல். மூன்று ஆல்பங்களை வரிசையாக ஓட விட்டால் எனக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ‘நேச்சுரலி’யில் 12 பாட்டு, அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பெரும்பாலானவை மூன்று நிமிடத்தைத் தொடாது. ஒரு வேளைக்கு அது போதும். ‘மக்னோலியா’ வரும்போது மட்டும் வேறு வேலை எதுவும் செய்யாதீர்கள்.