வரைபடச் செயலி கைவிட்டால்…

கேள்வி: என் பழைய போனில் இருக்கும் வரைபடச் செயலி, அடுத்த மாதத்தோடு இந்த போனுக்கு ஆதரவு இல்லை என்கிறது. குறித்து வைத்த இடங்களெல்லாம் போய்விடுமா? போனையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். இது புதிதும் அல்ல. 2016இல் ஹியர் (HERE) என்ற வரைபட நிறுவனம் விண்டோஸ் 10-க்கான தன் வரைபடச் செயலியை இப்படித்தான் விலக்கிக்கொண்டது.

முதல் வேலை, குறித்த இடங்களை வெளியே எடுப்பது. அமைப்புகளில் 'ஏற்றுமதி' இருக்கிறதா பாருங்கள். கேஎம்எல் (KML) அல்லது ஜிபிஎக்ஸ் (GPX), அதாவது வேறு வரைபடச் செயலிகளும் திறக்கக்கூடிய இடக்குறிப்புக் கோப்பாகக் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் முக்கியமானவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையாவது எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை பழைய செயலியை நீக்க வேண்டாம். மறுபடி நிறுவ முடியாமல் போகலாம்.

அப்புறம் மாற்று. 2004இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்து ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் (OsmAnd) போன்ற செயலிகள் இயங்குகின்றன. உங்கள் போன் பதிப்பை அவை ஏற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பிறகு வழி காட்ட இணையம் வேண்டாம். ஜிபிஎஸ் சமிக்ஞையைச் செயற்கைக்கோளிலிருந்து போனே நேரடியாக வாங்குகிறது. எந்தச் செயலி நிறுவனமும் அதை நிறுத்த முடியாது. இணையம் இல்லாதபோது முதல் முறை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். திறந்த வெளியில் நின்று பொறுத்திருங்கள்.

போக்குவரத்து நெரிசல் விவரம் மட்டும் இவற்றில் எதிர்பார்க்க முடியாது. அது கட்டாயம் வேண்டுமென்றால், பழைய சேவையின் இணையதளத்தை உலாவியில் திறந்து பாருங்கள். செயலி நின்ற பிறகும் பல சமயம் அது வேலை செய்யும்.