தாத்தாவின் பெட்டியில் வாழைமர நோட்டு: ஜப்பான் பணம் தருமா?

மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இறந்துபோன தாத்தாவின் தகரப் பெட்டியில் ஜப்பான் காலத்து நோட்டுக் கட்டு ஒன்று, அதாவது போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான் இங்கே அச்சடித்துப் புழங்கவிட்ட பணம், கிடைத்ததாம். பெரும்பாலும் 10 வெள்ளி, கொஞ்சம் 100 வெள்ளி, ஆறு 1,000 வெள்ளி. ஜப்பான் அரசு இழப்பீடு தரப்போகிறது, பதிவுக் கட்டணம் கட்டினால் வாங்கித் தருகிறேன் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறாராம். கட்டலாமா என்பது கேள்வி.

கட்டாதீர்கள், அம்மா. ஒரு காசுகூடக் கட்டாதீர்கள்.

கேட்டவுடன் ஜப்பானிய அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று 10 வெள்ளி நோட்டிலேயே ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. புரோக்கர் அந்த வரியைத்தான் விரல் வைத்துக் காட்டுவார். ஆனால் 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் வந்ததும் அந்தப் பணம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஹாங்காங்கில் இதேபோல ஜப்பான் இராணுவம் அங்கே புழங்கவிட்ட இராணுவ யென் வைத்திருந்தவர்கள் 1993இல் தோக்கியோவில் வழக்குப் போட்டார்கள். 1999இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நமக்கு? 1967இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் போட்டு, நம் அரசாங்கத்துக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள் கிடைத்தன. கணக்கு முடிந்தது என்றார்கள். போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டுக்கு அந்தக் கப்பலால் என்ன வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சரி, அந்தக் கோபம் என்னோடு இருக்கட்டும்.

ஆக, இந்தத் தாளுக்குச் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை மட்டும்தான் விலை. அதையும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வாழைமரம் போட்ட 10 வெள்ளியை அச்சடித்துத் தள்ளினார்கள். அதனால்தான் விலைவாசி அப்படி ஏறியது, அதனால்தான் இன்றும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. கசங்கிய தாள் என்றால் சில ரிங்கிட், அவ்வளவே. மாட்டுவண்டி போட்ட 1,000 வெள்ளி போர் முடியும் தறுவாயில் வந்தது, கொஞ்சம் கூடப் போகும். ஆனால் 'ஆயிரம்' என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சில்லறைக் காசுத் தாள்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். 1, 5, 10 வெள்ளி நோட்டுகளில் முதலில் வந்தவற்றில் எழுத்துகளோடு வரிசை எண்ணும் உண்டு. பின்னால் எண் போடுவதையே விட்டுவிட்டு, 'எம்' என்று தொடங்கும் எழுத்துகளை மட்டும் போட்டார்கள். 'எம்' என்றால் மலாயா. 'பி' என்று இருந்தால் அது பர்மா ரூபாய். அப்படி ஒன்று கட்டில் இருந்தால், தாத்தா எங்கே போய் வந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எண் உள்ள நோட்டுக்குத்தான் நல்ல விலை. அதனாலேயே சாதாரண நோட்டில் எண்ணைப் புதிதாக அடித்து விற்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி வைத்துப் பார்த்தால், நோட்டின் நடு மடிப்பில் எண்ணின் மை விட்டுப்போய், மடிப்பின் இரண்டு கரையிலும் மட்டும் ஒட்டியிருந்தது. மடிந்து பழசான தாளின்மேல் பிறகு அடித்த எண். முதலிலேயே அச்சான எண் என்றால் மடிப்பில் தேய்ந்திருக்கும், இப்படித் தாண்டிக் குதிக்காது. அப்புறம் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் காட்டுங்கள். போர்க்காலத் தாள் மங்கலாகவே கிடக்கும். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் பிற்காலத் தாள்தான். இத்தனையும் தேறி, எண் உள்ள நோட்டு உங்களிடம் இருந்தால், ஒருவர் சொன்ன விலைக்கு விற்றுவிடாமல் குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள்.

கட்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட நோட்டு கலந்திருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அது ஜப்பான் நோட்டே அல்ல, பிரிட்டிஷ்காரர் வெளியிட்ட மலாயா நோட்டு. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று கட்டாகப் பேரம் பேசுகிறவர் பெரும்பாலும் அதைத்தான் குறி வைக்கிறார்.

இன்னொன்று. இஸ்திரி போடாதீர்கள், கழுவாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். ரப்பர் பேண்டை இன்றே கழற்றுங்கள். நோட்டைத் தரம் பார்த்து உறையில் போட்டுத் தரும் நிறுவனங்களுக்கு அனுப்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சில ரிங்கிட் தாளுக்கு அதைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டச் சொல்வார்கள். எண் உள்ள நோட்டுக்கு மட்டும் யோசியுங்கள்.

100 வெள்ளித் தாள்களைக் கொஞ்சம் நிதானமாகப் புரட்டுங்கள். அவற்றில் ஒரு வகையில் வலப்பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் ஆட்கள் இருப்பார்கள். உங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர் என்றால், அதில் ஒன்றை மட்டும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெரிந்தவர் மறுபடி வந்தால், கட்டணத்தை ஜப்பான் கொடுக்கும் பணத்திலேயே கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.