கொலுசுக் காலைக் கவ்வும் குட்டி: சேலத்து நாய் வளர்ப்போருக்குக் கேள்வி பதில்

கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் 25 ஆண்டுகளாக நாய் இல்லாத நாள் கிடையாது. கோம்பை, ராஜபாளையம், தெருவிலிருந்து எடுத்து வந்தவை இரண்டு என்று வளர்த்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. நோய் என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். பழக்குவதைப் பற்றி, அதிலும் "சொன்ன பேச்சு கேட்காத" குட்டிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): அக்கா, பத்து வார ராஜபாளையம் குட்டி. ஆறு வயது மகள் கொலுசு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினால் போதும், பாய்ந்து கணுக்காலைக் கவ்வுகிறது. நேற்று ரத்தக் கீறலே விழுந்துவிட்டது. இப்போதே இப்படி என்றால் வளர்ந்த பிறகு?

பதில்: இது கோபம் இல்லை அம்மா, விளையாட்டு. கலகலவென்று சத்தம் வருகிறது, வேகமாக ஓடுகிறது, கவ்வினால் கீச்சென்று கத்துகிறது. ஒரு குட்டிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அதன் வாயில் இப்போது இருப்பவை 28 பால்பற்கள், ஒவ்வொன்றும் ஊசி. நான்காவது மாதம் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை எதையாவது கடித்தே தீரும். எதைக் கடிக்கலாம் என்பதைத்தான் நாம் முடிவு செய்ய முடியும்.

முதலில் கொலுசைக் கழற்றி வையுங்கள். கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு இது கஷ்டம்தான், ஆனால் இரண்டு வாரம் போதும். அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் தரையில் உட்கார்ந்து கொலுசைக் கையில் வைத்து மெதுவாக ஒருமுறை குலுக்குங்கள். குட்டி காதை நிமிர்த்தி உங்களைப் பார்க்கும். பார்த்த உடனே சுண்டு விரல் நகமளவு வேகவைத்த ஈரல். குலுக்கல், ஈரல், குலுக்கல், ஈரல். மூன்று நாளில் சத்தம் கேட்டால் காலைத் தேடாது, உங்கள் முகத்தைத் தேடும். அப்புறம் நீங்களே காலில் போட்டு நடந்து காட்டுங்கள். கடைசியாகத்தான் மகள், அதுவும் நடை மட்டும்.

மகளுக்கும் பயிற்சி உண்டு. குட்டி பாய்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும், கத்தக் கூடாது. ஆடாத மரத்தை எந்தக் குட்டியும் ரொம்ப நேரம் துரத்தாது. பழைய வேட்டியைக் கிழித்து முடிச்சுப் போட்டு, நனைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுங்கள். ஈறு குறுகுறுப்பு அடங்கும். இன்னொன்று: இந்த வயதில் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்க வேண்டும். மாலை ஆறு ஏழு மணிக்கு வெறி பிடித்த மாதிரி கடிக்கிறது என்றால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இரண்டு பேரையும் தனியே விடவே விடாதீர்கள்.

அதே செவ்வாய்ப்பேட்டை அம்மா: வீட்டுக் குட்டிதானே, கீறலுக்குக் காபித்தூள் வைத்துவிட்டோம். ஊசி அவசியமா?

பதில்: அவசியம். இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். பத்து வாரக் குட்டிக்கு இன்னும் வெறிநாய்த் தடுப்பூசியே போட்டிருக்க மாட்டார்கள், வாங்குவதற்கு முன் அது எங்கே இருந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. காபித்தூள், மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். கையில் தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாள்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். ரத்தம் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குட்டியைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். கவனித்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

குட்டிக்கு: மூன்று மாதம் நிறைந்ததும் ரேபிஸ் ஊசி, டாக்டர் சொல்லும் பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்று நோய்களுக்கான கூட்டு ஊசி ஆறெட்டு வாரத்திலேயே தொடங்கி 16 வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். பார்வோவில் குட்டிகள் இரண்டே நாளில் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். செலவு பார்க்காதீர்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): நாலு மாதக் கோம்பை. வீட்டிலேயே தறி ஓடுகிறது. "உட்கார்" என்றால் என்னையே முறைத்துக்கொண்டு நிற்கிறது. நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும், மல்லாக்கத் தள்ளி அமுக்கினால் அடங்கும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா அக்கா?

பதில்: செய்யாதீர்கள் தம்பி. "தலைவன்" கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947இல் ஷென்கெல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருந்து. பிற்பாடு அதைப் பரப்பியவர்களில் ஒருவர் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர். அவரே காட்டில் ஓநாய்களோடு பல கோடைகாலங்கள் இருந்து பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான், சண்டை போட்டுத் தலைவனாவது அங்கே வழக்கமில்லை என்று 1999இல் திருத்தி எழுதினார். நம் ஊரில் மட்டும் பழைய கதை இன்னும் ஓடுகிறது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் கோம்பை, பேர் ராஜா. வீட்டுக்குள் ஒன்றுக்குப் போனால் தினத்தாளைச் சுருட்டி அடிப்பேன். ஒரு வாரத்தில் நின்றுவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து அரிசி மூட்டையை நகர்த்தினால் பின்னால் சுவரோரம் மஞ்சளாக ஒரு படலம், அடி மூட்டையே நனைந்து போயிருந்தது. வெளியே கூட்டிப் போனாலும் நான் கயிற்றைப் பிடித்திருக்கும்வரை போகவே மாட்டான். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு என் கையையே பார்ப்பான். "வீட்டுக்குள் கூடாது" என்பதை அவன் கற்றுக்கொள்ளவில்லை. "இவள் கண் முன்னால் கூடாது" என்பதைக் கற்றுக்கொண்டான். அதை அழிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

உங்கள் குட்டி முறைக்கவில்லை, யோசிக்கிறது. கோம்பை காவலுக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். யாரும் சொல்லாமல் தானே முடிவெடுக்கிற நாய்தான் அன்றைக்கு வேண்டியிருந்தது. அந்தக் குணத்தைத்தான் பிடிவாதம் என்கிறோம். நீங்கள் சொல்வதைச் செய்தால் தனக்கு லாபம் என்று ஒருமுறை புரிந்துவிட்டால் அதே பிடிவாதத்தோடு உங்களுக்காக நிற்கும்.

தறி ஓடும்போது கற்றுக்கொடுக்காதீர்கள். அந்தத் தடதட சத்தத்தில் நமக்கே பேச்சு கேட்காது. விடியற்காலை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். ஈரல் துண்டை மூக்குக்கு நேராகக் காட்டி, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். தரையைத் தொட்ட அந்த நொடியில் "சபாஷ்", ஈரல். நான்கைந்து முறை செய்த பிறகுதான் "உட்கார்" என்ற வார்த்தையைச் சேர்க்க வேண்டும், அதையும் ஒரே ஒரு தடவை. "உட்கார் உட்கார் உட்காருடா" என்றால் மூன்றாவதற்குத்தான் உட்கார வேண்டும் என்று பழகிவிடும். மூன்று நிமிடம், ஒரு நாளில் நான்கு தடவை, போதும். மாடியில் தவறாமல் செய்தால் அப்புறம் வாசல், அப்புறம் தறிக்கூடம். ஒவ்வொரு இடத்திலும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அலுக்காதீர்கள்.

கேள்வி (சூரமங்கலம்): பகல் முழுக்கச் செயினில்தான் கட்டியிருக்கிறோம், இரவிலும் குரைத்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். குரைப்பதை நிறுத்த என்ன செய்யலாம்?

பதில்: அவிழ்த்து விடுங்கள் ஐயா. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், வேறு மருந்து இல்லை. வேலையில்லாத, நடையில்லாத, ஆள் துணையில்லாத நாய்க்குக் குரைப்பு ஒன்றுதான் மிச்சம். நீண்ட நேரம் குட்டைச் செயினில் கட்டி வைப்பதும், கட்டியே கிடக்கிற நாயை நடத்திச் செல்லாமல் விடுவதும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றமாகவே இருக்கிறது. காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி நடை, வழியில் நின்று நின்று மோந்து பார்க்க விடுங்கள். கையில் ஒரு பையும் இருக்கட்டும், அடுத்தவர் வாசலில் போனதை அள்ளி வர. பக்கத்து வீட்டுக்காரரின் கோபத்தில் பாதி அங்கேயே குறையும். இரவில் கேட்டைப் பூட்டிவிட்டு நாயை வீட்டுக்குள் படுக்க வையுங்கள்.

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டத்தில் வேலை, குடியிருப்பும் உள்ளேயே. ஐந்து மாதச் சிப்பிப்பாறை. காட்டெருமையைப் பார்த்தால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாமல் ஓடுகிறது.

பதில்: தம்பி, இதை உடனே கவனிக்க வேண்டும். காட்டெருமை காளை ஒன்று ஆயிரம் கிலோ வரை இருக்கும். நாய் துரத்தும், அது திரும்பும், நாய் உயிருக்குப் பயந்து நேராக உங்களிடம் ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும். அடிபடுவது நீங்கள். காட்டு விலங்கை நாய் விட்டுத் துரத்துவது சட்டப்படியும் வம்பு.

சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய். எதிரே ஒன்று ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் காது அடைத்த மாதிரிதான், அந்த நேரத்தில் கத்திப் பயனில்லை. ஆகவே இப்போதைக்குத் தோட்டத்தில் அவிழ்த்து விடவே கூடாது. 30 அடி நூல் கயிறு வாங்கி, கழுத்தில் இல்லாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். ஓடி இழுத்தால் கழுத்து நரம்பு தாங்காது. அது பத்தடி தள்ளி எதையோ மோந்துகொண்டிருக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் எதிர்ப்பக்கமாக ஓடுங்கள். துரத்துவதுதானே அதற்குப் பிடிக்கும்? உங்களைத் துரத்தட்டும். வந்து சேர்ந்ததும் ஈரல், பிறகு "போ" என்று திரும்பவும் மோந்து பார்க்க விடுங்கள். வந்தால் விளையாட்டு முடிந்தது என்று அது நினைத்துவிடக் கூடாது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்த நாயைத் திட்டவே திட்டாதீர்கள். ஓடியதற்குத் திட்டுவதாக நீங்கள் நினைப்பீர்கள், வந்ததற்குத் திட்டு விழுந்தது என்று அது நினைக்கும்.

தோட்டத்தில் இன்னும் இரண்டு. காபிக் கொட்டையில் உள்ள கஃபீன் நாய்க்கு விஷம். பழம் பறிக்கும் பருவத்தில், களத்தில் காய வைக்கும்போது அந்தப் பக்கம் விடாதீர்கள். தினமும் ராத்திரி காது மடல், விரல் இடுக்கு, வால் அடி எல்லாம் விரலால் தடவி உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஈறு வெளுத்துவிடும்.

கேள்வி (அழகாபுரம்): ஏற்காட்டுக்குக் காரில் கூட்டிப் போனால் மூன்றாவது வளைவிலேயே வாந்தி.

பதில்: கொண்டை ஊசி வளைவு 20 இருக்கிறதே, குட்டி என்ன செய்யும்! கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். முதல் வாரம் அடிவாரம் வரை போய்த் திரும்புங்கள், அடுத்த வாரம் ஐந்து வளைவு. பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): ஹஸ்கி வாங்க ஆசை. ஏசி அறை இருக்கிறது.

பதில்: வேண்டாமே. ஏப்ரல், மே மாதத்தில் சேலம் 40 டிகிரியைத் தொடும் ஊர். பனியில் ஓடுவதற்கென்று இரண்டு அடுக்கு ரோமத்தோடு பிறந்த நாயை 24 மணி நேரமும் அறைக்குள் வைக்க முடியாது, கரண்ட் போனால் அதோ கதி. ராஜபாளையம் நம் பக்கத்து நாய், 2005இல் தபால் தலையில்கூட வந்தது. தெருக்குட்டி என்றால் இன்னும் நல்லது, இந்த வெயிலுக்கென்றே பிறந்தது, பழக்கினால் எதையும் கற்கும். எந்த நாயாக இருந்தாலும் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அது நடக்கக் கூடாது.

கேள்வி (கொண்டலாம்பட்டி): தயிர் சாதம் மட்டும் போட்டு வளர்க்கலாமா?

பதில்: போதாது. சாதத்தோடு முட்டை, எலும்பு நீக்கிய கோழி, ஈரல் சேருங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வேகவைத்த எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): நாலு மாத ராஜபாளையம், சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. கூப்பிட்டால் திரும்பியே பார்ப்பதில்லை. தூங்கும்போது லாரி ஹாரன் அடித்தாலும் எழுந்திருப்பதில்லை. இவ்வளவு திமிர் பிடித்த குட்டியை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்குத் திமிராகத் தெரியவில்லை. காது கேட்கவில்லையோ என்று தோன்றுகிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். வெள்ளை நாய்கள் சிலவற்றில் அங்கே அவை இல்லாமல் போவதால் ஒரு காதோ இரண்டுமோ பிறவியிலேயே கேட்காது. ராஜபாளையத்தில் இது தெரிந்த விஷயம்தான்.

இன்று ராத்திரி சோதித்துப் பாருங்கள். அது அசந்து தூங்கும்போது, பின்பக்கமாக, காற்று அதன்மேல் படாத இடத்தில் நின்று பிஸ்கட் கவரைக் கசக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், பாத்திரத்தைப் போடாதீர்கள்; அதிர்வு உடம்பில் தெரிந்து எழுந்துவிடும். காது மடலை மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் அசையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேட்காது என்றே ஆனாலும் பயப்பட வேண்டாம். நாய் நம் வாயைவிட நம் கையையும் முகத்தையும்தான் அதிகம் படிக்கிறது. கட்டை விரலை உயர்த்தினால் "சபாஷ்", உள்ளங்கையை மேலே தூக்கினால் "உட்கார்", மார்பில் தட்டினால் "வா". எழுப்பும்போது திடீரென்று தொடாதீர்கள். மூக்கருகே கையை நீட்டுங்கள், வாசனை முதலில் போகட்டும், அப்புறம் தோளில் ஒரே இடத்தில் மெதுவாகத் தொட்டு ஒரு துண்டு ஈரல். வண்டிச் சத்தம் தெரியாது என்பதால் கயிறு இல்லாமல் வாசலைத் தாண்ட விடக் கூடாது. அதைக் குட்டி போட வைக்கவும் வேண்டாம்.

திருப்பிக் கொடுத்தால் விற்றவர் அதை என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். கவர் சத்தத்துக்குக் காது அசைந்ததா என்று நாளைக்கே எழுதுங்கள். அசையவில்லை என்றால் இந்தச் சைகைகளை ஒவ்வொன்றாகப் படம் வரைந்து அனுப்புகிறேன், வீட்டுக்காரரும் சேர்ந்தே பழகிக்கொள்ளலாம்.